‘அரிய பாடல்’ என்னும் வகைப்பாடும் பகிர்வின் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பலரும் கேளாது விட்ட பாடல்களைத் தேடியெடுத்துப் பிறருக்குக் கேட்கத் தருதல் தமிழ்ச்சூழலில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் செயலாகும். அவ்வாறு தரப்படும் பாடல்கள் ‘அரிய பாடல்’, ‘வினோதப் பாடல்’ என்னும் இரு பெயர்களுள் ஒன்றைப் பெறுகின்றன. இப்பெயர்கள் பாடலின் இயல்பைக் குறிப்பனவா, அது பரவிய வழியைக் குறிப்பனவா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பழந்தமிழ் உரைமரபின் பண்ணத்தி, விநோதக்கூத்து ஆகிய கருத்தாக்கங்கள், இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை, ஒலிநாடாக் காலப் பாடற்பட்டியல், 2007இல் இணையத்தில் பரவிய ஒரு திரைப்பாடல் ஆகியவற்றை முன்வைத்து, பகிர்வு ஒரு விமர்சனச் செயல் என்றும் அதற்கெனச் சில கடமைகள் உண்டு என்றும் இது நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பண்ணத்தி, விநோதம், பொப்பிசை, இலங்கை வானொலி, ஒலிநாடா, பெயரிடல்.

முன்னுரை

தமிழ்ப் பாடல்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று எல்லைகளுக்குள் நிகழ்கின்றன. செவ்வியல் இசை, நாட்டார் வழக்காறு, திரையிசை என்பன அவை. ஒவ்வோர் எல்லைக்கும் தனித்த கலைச்சொற்களும் தனித்த ஆய்வாளர் மரபும் உள்ளன. இம்மூன்றனுள் எதிலும் முழுமையாக அடங்காத பாடல்களும் ஏராளம். மேலை மெட்டில் அமைந்த கீர்த்தனம், சிங்களச் சொல் கலந்த தமிழ்த் துள்ளிசை, சமயப் பாடகர் பாடிய கட்சிப் பாடல், திரைப்படம் சாராத கருவியிசைத் தொகுப்பு முதலியன இத்தகையன. ஆய்வேடுகளில் இவை அடிக்குறிப்பு அளவிலேயே நிற்கின்றன. இவற்றைக் காத்தவர்கள் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள், வானொலி அறிவிப்பாளர்கள், ஒலிபெருக்கி அமைப்பாளர்கள், ஒலிநாடாப் பதிவுக் கடைக்காரர்கள் ஆகியோரே. இவர்கள் பாடலைக் காத்த முறையையும், அம்முறையில் எஞ்சியது, விடுபட்டது எவை என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பண்ணத்தியும் விநோதமும்

வகைப்பாட்டிற்குள் அடங்காத பாடல் என்னும் சிக்கல் இன்றையது அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டின் இயல்புடையதாகவும் பாட்டினின்று வேறாகவும் பண்ணத்தி என்னும் வகையைக் கூறுகிறது. இதற்கு உரை வரைந்த பேராசிரியர், நூல்வழக்கிற்குப் புறம்பாக வழங்கிய பாடல்களை இதனுள் அடக்கி, மோதிரப்பாட்டு, கடகண்டு முதலிய பெயர்களைச் சான்றாகத் தருகிறார். உரையாசிரியரின் இச்செயல் இருவகையில் நோக்கத்தக்கது. முதலாவது, கற்றோர் அவையில் இடம்பெறாத பாடல்களுக்கு இலக்கணத்தில் ஓரிடம் உண்டு என அவர் ஏற்கிறார். இரண்டாவது, அப்பாடல்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன, பாடல்கள் கிடைக்கவில்லை. மோதிரப்பாட்டைப் பாடியோர் யாவர், எந்தப் பொழுதில் பாடினர், எந்தத் தாளத்தில் பாடினர் என்பவற்றை அறிய இன்று வழியில்லை.

சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லாரும் மறைந்துபோன இசைநூல்களின் பெயர்களைத் தம் உரைப்பாயிரத்தில் பட்டியலிடுகிறார். அவரே கூத்தினைச் சாந்திக்கூத்து, விநோதக்கூத்து என இருவகைப்படுத்தி, குரவை, குடக்கூத்து, தோற்பாவை முதலியவற்றை விநோதக்கூத்தினுள் வைக்கிறார். அவர் ஆளும் ‘விநோதம்’ என்னும் சொல் மக்கள் கண்டு மகிழும் கலையைக் குறிக்கிறது. அது இழிவுப்பெயர் அன்று. உறுப்புகளும் விளக்கமும் உடைய ஒரு முறையான வகை. இன்றைய வழக்கில் ‘வினோதப் பாடல்’ என்பது இயல்புக்கு மாறான, சிரிப்பிற்குரிய பாடலைக் குறிக்கிறது. மகிழ்ச்சியைக் குறித்த சொல் மாறுபாட்டைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியமை, பாடலை அணுகும் மனநிலையில் நேர்ந்த மாற்றத்தையும் உடன் காட்டுகிறது எனலாம்.

2. அருமை உருவாகும் வழி

ஒரு பாடல் பிறக்கும்போதே அரியதாகப் பிறப்பதில்லை. அது பதிவான பொருளும் பரவிய வழியும் அதனை அரியதாக்குகின்றன. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்கு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கும். மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடப்பட்ட நாடகப் பாடல், தட்டில் ஏறும்போது அவ்வளவிற்குச் சுருங்கியது. திரைப்படத்தில் இடம்பெற்றும் இசைத்தட்டாக வெளிவராத பாடல்கள் வானொலியில் ஒலிக்க வாய்ப்பற்றுப் போயின. படம் திரையரங்கை விட்டு நீங்கியதும் அவையும் நீங்கின. தொடக்ககாலப் படங்கள் பலவற்றின் சுருள்கள் அழிந்துவிட்டன. தமிழின் முதற் பேசும்படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ (1931) இன்று கிடைக்கவில்லை. இத்தகைய படங்களின் பாடல்களை அறியத் திரையரங்கு வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் உதவுகின்றன. கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு பணிக்கும் அம்மலிவு வெளியீடுகளை நூலகங்கள் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனிமனிதச் சேகரிப்பாளர்கள் சிற்றிலக்கியங்களோடும் அறிவிப்புத் தாள்களோடும் இத்தகைய வெளியீடுகளையும் தொகுத்தனர். அவரது தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியமை, தனிமனித ஆர்வம் ஆய்வுக்கு மூலமாகியதற்குச் சான்றாகும்.

அரசின் ஒலிபரப்புக் கொள்கையும் அருமையை உருவாக்கியது. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறையின் பொறுப்பேற்ற 1952ஆம் ஆண்டு முதல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் இடம் சுருங்கியது. 1957இல் விவித் பாரதி தொடங்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. இவ்வெற்றிடத்தை நிரப்பியது கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவையாகும். தமிழகச் சிற்றூர்களில் இலங்கை வானொலி பெற்ற செல்வாக்கிற்கு இக்கொள்கையே முதற்காரணம். அந்நிலையத்தின் அறிவிப்பு முறை அதற்கு நிகரான மற்றொரு காரணம். பாடலுக்கு முன்னோ பின்னோ படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியோர் ஆகியோரைத் தெளிந்த தமிழில் சொல்வது அங்கு ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்கள் நேயர்களிடம் பெற்ற மதிப்பு குரல்வளத்தால் மட்டும் வந்ததன்று. ஒரு பாட்டுக்குப் பின்னால் உழைத்தவர்கள் இருக்கின்றனர் என்னும் உணர்வை நாள்தோறும் ஊட்டியமையும் அதற்கு அடிப்படையாகும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. நான்கு பெயர்களோடு அறிவிப்பு முடிந்தது. வயலின், தபேலா, கிதார் வாசித்தவர்கள் அதில் இல்லை. இசைத்தட்டின் மேலொட்டிலும் பெரும்பாலும் இல்லை. காக்கப்பட்ட பாடலுக்குள்ளும் கவனிக்கப்படாதோர் இருந்தனர் என்பதை இது உணர்த்துகிறது.

3. நோட்டு ஸ்வரமும் சுராங்கனியும்

வகை கடந்த பாடல்கள் அனைத்தும் ஒரே மதிப்பைப் பெறுவதில்லை. இரு சான்றுகளை ஒப்பிட்டால் இது விளங்கும். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டை இசைக்குழுவின் மெட்டுகளைக் கேட்டு அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார் என்பது இசைமரபு கூறும் செய்தி. நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் அவற்றுள் ஒன்று, பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டில் அமைந்தது. சுப்பராம தீட்சிதர் இவற்றுட் பலவற்றைச் சுரக்குறிப்போடு அச்சில் பதிவு செய்தார். அதனால் நோட்டு ஸ்வரங்கள் இன்றும் பாடப்படுகின்றன; கற்பிக்கப்படுகின்றன; பண்பாட்டுக் கலப்பின் சான்றாக ஆராயப்படுகின்றன.

ஏ.ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ மற்றொரு சான்று. தமிழகத்தில் சிலோன் மனோகர் என அறியப்பட்ட அவர், நித்தி கனகரத்தினம் முதலியோரோடு இலங்கையில் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தவர். துள்ளிசை எனவும் இது வழங்கப்பட்டது. இதன் தாள அடிப்படை இலங்கையின் பைலா இசையாகும். போர்த்துக்கேயர் வருகையோடும், அவர்கள் வழி இலங்கைக்கு வந்த ஆப்பிரிக்க மரபினரின் இசையோடும் தொடர்புடையது பைலா. ஐரோப்பியச் சாயலும் ஆப்பிரிக்கத் தாளமும் சிங்கள மொழியும் ஒன்றுகூடிய அவ்வடிவத்துள் தமிழும் புகுந்தமை, நோட்டு ஸ்வரத்தினும் சிக்கலான பண்பாட்டுக் கலப்பாகும். 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாட, இது திரைப்பாடலாகவும் உருக்கொண்டது. கொழும்பின் துள்ளிசை, சென்னைத் திரையிசை, மலேசியாவிலிருந்து வந்த தமிழ்க்குரல் என மூன்று நிலப்பகுதிகள் ஒரு பாடலில் சந்தித்தன.

எனினும் முன்னதற்குக் கிடைத்த ஆய்வுமதிப்பு பின்னதற்குக் கிடைக்கவில்லை. திருமண வீட்டுக் கேளிக்கைப் பாடலாகவே அது நினைவுகூரப்படுகிறது. கலப்பின் அளவையோ இசைநுட்பத்தையோ இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகக் கூற இயலாது. நோட்டு ஸ்வரத்திற்குச் சுரக்குறிப்பும் அச்சுநூலும் குருமரபும் இருந்தன. துள்ளிசைக்குத் தட்டும் ஒலிநாடாவும் விருந்துக்கூடமும் மட்டுமே இருந்தன. 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர் பல நாடுகளுக்குச் சிதறியபோது அப்பாடல்களும் அவர்களோடு சிதறின. அவற்றைத் திரட்டும் பணி இன்றும் பெரிதும் ஆர்வலர்களின் கையிலேயே உள்ளது.

பெயரிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதும் இங்குக் கருதத்தக்கது. இளையராஜா 1986இல் வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பை பாக், தியாகராஜர் இருவருக்கும் காணிக்கையாக்கி, ‘ஹவ் டு நேம் இட்’ எனத் தலைப்பிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்னும் வினாவையே பெயராக்கியது அத்தலைப்பு. புகழின் உச்சியில் இருந்த இசையமைப்பாளர் அவ்வினாவைத் தாமே எழுப்பினார். கேட்போரும் அதனை மதிப்போடு ஏற்றனர். துள்ளிசைப் பாடகருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவரது பாடலுக்குப் பிறரே ‘வினோதம்’ எனப் பெயரிட்டனர்.

4. பட்டியல் என்னும் விமர்சனம்

பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூர், சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகும்வரை இது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்திற்கு அண்மையில் இருப்பினும், இவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் பாடல்களைப் பெற்ற வழி வானொலி ஒன்றே அன்று. தமிழகத்தின் பிற ஊர்ப்புறங்களைப் போலவே பெரம்பலூர், அரியலூர் பகுதிகளிலும் கோயில் திருவிழா, காதுகுத்து, திருமணம், கட்சிக்கூட்டம் ஆகியவற்றிற்கு மைக்செட் கட்டுபவரே பாடலின் முதன்மைப் பரப்புநராக விளங்கினார். தென்னை மரத்திலும் மூங்கிற் கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி எந்தப் பாடலை முதலில் ஒலிக்க வேண்டும், இழவு வீட்டிற்கு அருகில் எந்தப் பாடலைத் தவிர்க்க வேண்டும், பந்தி தொடங்கும்போது எதைப் போட வேண்டும் என்பனவற்றை அவரே முடிவு செய்தார். பிள்ளையார் பாட்டில் தொடங்கித் திரைப்பாடல் வழியே தெம்மாங்கிற்குச் செல்லும் அவரது வரிசையில் ஆய்வுலகின் மூன்று எல்லைகளுக்கு இடமில்லை. அவரது அளவுகோல் பொழுதும் சூழலுமே ஆகும்.

1980களில் பெருகிய ஒலிநாடாப் பதிவுக் கடைகள் இவ்வுரிமையைக் கேட்போருக்கும் வழங்கின. வெற்று ஒலிநாடாவையும் கையால் எழுதிய பாடற்பட்டியலையும் கொடுத்துச் சில நாள் கழித்துப் பெற்றுக்கொள்வது அக்கால வழக்கம். 60 நிமிட நாடாவில் பத்துப் பன்னிரண்டு பாடல்களே அடங்கும். ஒன்றைச் சேர்க்க மற்றொன்றை விட்டாக வேண்டும். இக்கட்டாயம் பட்டியலை ஒரு மதிப்பீடாக்கியது. எதற்குப் பின் எது வரவேண்டும் எனச் சிந்தித்து எழுதப்பட்ட அப்பட்டியல்கள், எழுத்துவடிவில் நிகழாத இசைவிமர்சனங்கள் எனக் கொள்ளத்தக்கன. நண்பருக்கோ உறவினருக்கோ அளிக்கப்பட்ட ஒலிநாடா, இதைக் கேட்டுப்பார் என்னும் ஒற்றைத் தொடரால் ஒரு பாடலுக்கு மறுவாழ்வு தந்தது.

நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல்கள் பரவிய வகை இதற்குத் தக்க சான்றாகும். 2015இல் மறைந்த அவர், இஸ்லாமியப் பாடல்களையும் திராவிட முன்னேற்றக் கழகப் பாடல்களையும் ஒரே குரலின் உறுதியோடு பாடியவர். ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு இணைந்தும் பாடினார். நூலக அட்டவணையில் அவரை வைப்பதாயின் சமய இசை, அரசியல் பரப்புரை, திரையிசை என மூன்று தலைப்புகளில் பிரித்து வைக்க நேரும். ஊர்ப்புற ஒலிபெருக்கியில் அவர் ஒரே பாடகராகவே ஒலித்தார். இந்து சமயத்தவர் நிகழ்ச்சிகளிலும் அவரது இறைப்பாடல்கள் ஒலித்தமை, கேட்போர் வகைப்பாட்டினும் குரலையே முதன்மையாகக் கொண்டனர் என்பதைக் காட்டுகிறது.

இப்பட்டியல்களின் குறையையும் மறைத்தல் கூடாது. ஒலிநாடாவின் அட்டையில் பாடலின் முதற்சொற்கள் மட்டுமே எழுதப்பட்டன. இலங்கை வானொலி பேணிய நான்கு பெயர்களும் இங்கு மறைந்தன. நாடா கை மாறியபோது பாடல் சென்றது. பாடியவர் பெயர் செல்லவில்லை. மலிவும் எளிமையும் தந்த அதே ஊடகம் பெயரிழப்பையும் தந்தது.

5. வேடிக்கையாதல்

பெயரிழப்பு தன் எல்லையைத் தொட்ட நிகழ்வு 2007இல் இணையத்தில் நேர்ந்தது. ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ (2000) படத்தில் எஸ்.ஏ. ராஜ்குமார் இசையில் பிரபுதேவா ஆடிய ‘கல்லூரி வானில்’ என்னும் பாடலை எடுத்துக்கொண்ட அமெரிக்கர் ஒருவர், தமிழ்ச் சொற்களின் ஒலியை ஒத்த பொருளற்ற ஆங்கிலச் சொற்களைத் துணையுரையாக இட்டு வெளியிட்டார். நிலாவை விளிக்கும் தொடர் ‘பென்னி லாவா’ என்னும் இல்லாத ஒருவரின் பெயராகியது. உலகெங்கும் பெருந்தொகையினர் அதனைக் கண்டு நகைத்தனர். தமிழ்ப் பாடல் ஒன்று அதற்குமுன் அடைந்திராத பரவலை அது அடைந்தது. ஆனால் கேட்டவர்களுள் பெரும்பாலோருக்கு அது தமிழ் என்பதே தெரியவில்லை.

இதனோடு வேறிரு நிகழ்வுகளை ஒப்பிடலாம். ரஜினிகாந்தின் நூறாவது படமான ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்தில் இளையராஜா அமைத்த பாடலொன்றின் பகுதியை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003இல் தம் பாடலில் எடுத்தாண்டனர். ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாடற்பகுதியை இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட பிரிட்டன் பாடகி எம்.ஐ.ஏ. தம் ‘கலா’ (2007) தொகுப்பில் பயன்படுத்தினார். இவற்றில் பாடல் புதிய இசைக்கு மூலப்பொருளாயிற்று, நகைப்பிற்கு இலக்காகவில்லை. ஒலியின் ஆற்றலை இக்கலைஞர்கள் உணர்ந்திருந்தனர். ‘பென்னி லாவா’வில் ஒலி ஒரு பிழையாக மட்டுமே கேட்கப்பட்டது.

எனினும் இதனைப் பிறர் தமிழுக்கு இழைத்த குற்றமாக மட்டும் கருதுவது ஒருதலைப்பட்சமாகும். ‘சுராங்கனி’யை உரத்த குரலில் பாடிய தமிழகத்தாருள் எத்தனை பேர், அதில் மீண்டும் மீண்டும் வரும் ‘மாலு’ என்பது மீனைக் குறிக்கும் சிங்களச் சொல் என அறிந்திருந்தனர்? சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் அப்பாடல், கடற்கரை மக்களின் அன்றாட வாழ்விலிருந்து எழுந்தது. தமிழகக் கேட்போருக்கு அது பொருளற்ற துள்ளலொலியாகவே பெரிதும் பயன்பட்டது. நம் மொழியை ஒலியாக மட்டும் கேட்டவர்களைக் குறை கூறுமுன், அண்டை மொழியை நாம் கேட்ட முறையையும் எண்ணிப் பார்ப்பது நேர்மையாகும். இரண்டிற்கும் இடையே வேறுபாடு ஒன்று உண்டு. தமிழர் அப்பாடலோடு சேர்ந்து பாடினர். அதனைப் பாடியோரை எள்ளவில்லை. பொருள் அறியாமை இரண்டிற்கும் பொதுவாயினும், பாடுவோரின் பக்கம் நிற்பதும் எதிரில் நின்று நகைப்பதும் வெவ்வேறு நிலைகளாம்.

6. பகிர்வின் கடமை

பொருள் அறியாமலும் ஒரு பாடலில் மகிழலாம். எனவே பெயரும் பின்னணியும் இன்றியமையாதன அல்ல என ஒரு மறுப்பு எழக்கூடும். கேட்பவரைப் பொறுத்தவரை இது உண்மையே. மொழி தெரியாத இசையில் மனம் தோய்வது குறையன்று. ஆனால் பகிர்பவரின் நிலை வேறு. அவர் பாடலுக்கும் அடுத்த கேட்பவருக்கும் இடையில் நிற்கிறார். அவர் விட்டுவிட்ட செய்தியை அடுத்தவர் பெறுவது அரிது. அதற்கடுத்தவர் பெறுவது அதனினும் அரிது. மோதிரப்பாட்டு பெயராக மட்டும் எஞ்சியது. ஒலிநாடாப் பாடல் பெயரின்றி ஒலியாக மட்டும் எஞ்சியது. இவ்விரு இழப்புகளும் ஒன்றையொன்று நிரப்புவன அல்ல.

ஆகவே ஒரு பாடலை ‘அரியது’ என முன்வைக்கும் ஆய்வாளர், யாருக்கு அரியது என்பதையும் சொல்ல வேண்டியவராகிறார். சென்னைச் சேகரிப்பாளருக்கு அரியதாகத் தோன்றும் துள்ளிசைப் பாடல், யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் திருமணங்களில் தலைமுறையாகப் பாடப்படுவதாக இருக்கலாம். நகர ஆய்வரங்கிற்கு ‘வினோதம்’ ஆகத் தோன்றும் கலப்புப் பாடல், ஊர்ப்புற ஒலிபெருக்கிக்கு வழக்கமான மாலைநேரப் பாடலாக இருந்திருக்கலாம். அருமை என்பது பாடலுக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள தொலைவின் அளவு. அத்தொலைவைப் பாடலின் பண்பாக ஏற்றிச் சொல்வது பிழையாகும்.

முடிவுரை

வகை கடந்த பாடல்களைத் தேடிப் பகிர்தல் தேர்வும் மதிப்பீடும் உள்ளடங்கிய விமர்சனச் செயல் என்பது இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்பட்டது. ‘அரிய பாடல்’ என்னும் பெயர் ஊடகம், ஒலிபரப்புக் கொள்கை, அச்சுமரபு ஆகியவற்றின் விளைவு. ‘வினோதப் பாடல்’ என்னும் பெயர் பெரும்பாலும் கேட்பவரின் அறியாமையைப் பாடலின் மேல் சுமத்துகிறது. அடியார்க்குநல்லார் ஆண்ட விநோதம் என்னும் சொல்லின் பழம்பொருளை மீட்டெடுத்தால், இப்பாடல்களை மகிழ்ச்சியின் கலையாகவும் முறையான ஆய்வுப்பொருளாகவும் ஒருங்கே காண இயலும். பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் மைக்செட் அமைப்பாளர்களிடமும் பழைய பதிவுக் கடைகளிலும் எஞ்சியுள்ள இசைத்தட்டுகளையும் கையெழுத்துப் பட்டியல்களையும் அவர்களது நினைவுகளோடு சேர்த்துத் தொகுப்பது உடனடித் தேவையாகும். காந்த நாடா பூஞ்சையால் கெடும். பட்டியல் எழுதிய தாள் மக்கும். இப்பாடலை ஏன் இந்த இடத்தில் வைத்தேன் எனச் சொல்லக்கூடியவர்கள் முதுமை எய்திவருகின்றனர். பாடலைப் பதிவு செய்யும்போது பாடியவர், இயற்றியவர், வாசித்தவர், அதனைக் கேட்டு வைத்திருந்தவர் ஆகியோரின் பெயர்களையும் உடன் பதிவு செய்வதே, பண்ணத்திக்கு நேர்ந்த நிலை இவற்றிற்கும் நேராமல் தடுக்கும் வழியாகும்.